வைஃபை குறி காணாமல் போன 20-ஆம் தேதிகள்

கரூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே, சிறு ஜவுளிக் கடைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலையை, அந்த வரி நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகிறேன். மாதக் கணக்கு கொடுப்பவர்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஏற்றிவிட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாயும், வரி ஏதும் இல்லாத கணக்கானால் 20 ரூபாயும் தாமதக் கட்டணமாக ஏறிக்கொண்டே போகும். தொகை பெரிதில்லை. ஆனாலும் "உங்களை நம்பித்தானே குடுத்தோம்" என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டால், அந்தச் சொல் தொகையைவிடக் கனமானது. மற்ற நாள்களில் வைஃபை நின்றால் எனக்குச் சலிப்பு வரும். 20-ஆம் தேதி நின்றால் கை நடுங்கும்.

முதல் முறை நடுங்கியது தொழில் தொடங்கிய சில மாதங்களிலேயே. காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது, திரையின் வலது கீழ் மூலையில் விசிறி போல விரிந்திருக்க வேண்டிய வைஃபை குறியின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. அதைச் சொடுக்கினால் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள்கூட வரவில்லை. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன், ரூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிச் செருகினேன், அலுவலகத்தில் இருந்த கணவரைத் தொலைபேசியில் அழைத்து எதற்கென்றே தெரியாமல் கோபித்துக்கொண்டேன். கடைசியில் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பையன் கணினியைத் திறக்கக்கூட இல்லை. முன்புற விளிம்பில், கைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு சிறு சறுக்கு விசையை நகத்தால் வலப்பக்கம் தள்ளினான். நீல விளக்கு எரிந்தது. "ஏனுங்க்கா, நேத்துத் துணி வெச்சுத் தொடச்சீங்களா?" என்று கேட்டான். துடைத்திருந்தேன்.

அந்தச் சறுக்கு விசை இன்றைய மடிக்கணினிகளில் அநேகமாக இல்லை. அதன் வேலையை மேல்வரிசை விசைகளில் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அலை பரப்பும் கோபுரத்தின் படமோ விமானத்தின் படமோ பொறித்த விசை எது என்று உங்கள் கணினியில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எஃப்2, எஃப்8, எஃப்12 என்று நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாதிரிக்கு மாதிரி, இடம் மாறும். சிலவற்றில் அதை மட்டும் அழுத்தினால் போதும். சிலவற்றில் இடது கீழ் மூலையில் உள்ள எஃப்.என். விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். ஒலியைக் கூட்டப் போன விரல் பக்கத்து விசையில் பட்டு ஏர்பிளேன் மோடு விழுந்துவிடுவது, எனக்குத் தெரிந்தவரை, "வைஃபை போய்விட்டது" என்று என்னிடம் கொண்டுவரப்படும் மடிக்கணினிகளில் மிக அடிக்கடி காணும் காரணம்.

வைஃபையை இயக்குவதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு என்பதை அன்று புரிந்துகொண்டேன். ஒன்று வன்பொருளில் இருப்பது, மற்றொன்று மென்பொருளில் இருப்பது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் போய் வைஃபையை "ஆன்" நிலைக்குத் தள்ளுவது இரண்டாவது பூட்டை மட்டுமே திறக்கும். விசையில் இருக்கும் முதல் பூட்டு மூடியிருந்தால் அந்த ஆன் நிலை நிற்காது, அல்லது மங்கிப்போய்த் தொடவே முடியாது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இயங்குதளம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதது. என் தம்பி மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே இருந்தன. லினக்ஸின் கட்டளைத் திரையில் ஆங்கில எழுத்துகளில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று தட்டினால், சாஃப்ட் பிளாக் (மென்பொருள் பூட்டு) உண்டா இல்லையா, ஹார்டு பிளாக் (வன்பொருள் பூட்டு) உண்டா இல்லையா என்று இரண்டையும் தனித்தனியே எழுதிக் காட்டிவிடும். ஹார்டு பிளாக்குக்கு நேராக "எஸ்" என்று வந்தால் மென்பொருளில் மணிக்கணக்கில் தேடிப் பயனில்லை. விசையைத்தான் தேட வேண்டும்.

இந்த அனுபவத்தால் எனக்கு ஒரு அரைகுறைத் தன்னம்பிக்கை வந்தது. அது அறியாமையைவிட அதிகமாகக் கெடுத்தது. அடுத்த ஆண்டு ஒரு நாள் வைஃபை குறி சரியாகவே விரிந்திருக்க, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. முந்தைய பாடத்தின் வேகத்தில் எல்லாக் குற்றத்தையும் கணினியின் மேலேயே சுமத்தி, டிவைஸ் மேனேஜரில் வைஃபை கருவியின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) நீக்கினேன், மறுபடி நிறுவினேன், இரவு பதினொரு மணிவரை ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தேன். எதை எதை மாற்றினேன் என்பதே பிறகு நினைவில்லை. காலையில் பால் வாங்கப் போனபோதுதான் தெரு முனையில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டியிருந்ததையும், அறுந்த கேபிள் ஒன்று மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் ஒளி சமிக்ஞை கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். அந்தப் பெட்டி என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில், முந்தைய நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து, கணினியில் எதையும் தொடுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்கிறேன். முதலாவது, அதே வீட்டு வைஃபையில் கைப்பேசி வேலை செய்கிறதா? இதைப் பார்க்கும்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நைசாகச் சிம் வழியாகப் பக்கத்தைத் திறந்து நம்மை ஏமாற்றிவிடும். இரண்டாவது, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி வேலை செய்கிறதா? கைப்பேசிக்கும் இணையம் வரவில்லை என்றால் குறை ரூட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. விளக்குகளைப் பார்த்துவிட்டு இணைப்பு கொடுத்தவருக்குப் புகார் சொல்லலாம். கைப்பேசிக்கு வருகிறது, மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் குறை கணினியில். இந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் இழந்தது ஒரு முழு இரவு.

இரண்டு சோதனையும் நல்லபடியாக முடிந்து, வீட்டு ரூட்டரும் மடிக்கணினியும் மட்டும் ஒன்றோடொன்று பேச மறுக்கும் நிலையும் உண்டு. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் கணவரின் அண்ணன் மகன், தான் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். என் பழைய கணினியைவிடப் பல மடங்கு வேகமானது. அவன் இருந்த இரண்டு வாரமும் அதில் வைஃபை நன்றாக வந்தது. அவன் போன பிறகு மின்தடை வந்து ரூட்டர் அணைந்து மீண்டும் இயங்கிய ஒரு மாலையில், பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் தெரிய, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை. கைப்பேசிகளில் தெரிந்தது. பழைய கணினியில் தெரிந்தது. காரணம் அலைத்தடத்தில் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபைக்கு 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிட்ட தடங்கள் உள்ளன. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11-ஆம் தடம் வரைதான் பார்க்கும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் 12, 13 ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. "ஆட்டோ" என்று விடப்பட்டிருந்த எங்கள் ரூட்டர் அன்று மீண்டும் இயங்கியபோது 13-ஆம் தடத்தைத் தேர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கணினிக்கு அந்தத் தடத்தில் செவி இல்லை.

உலாவியில் 192.168.1.1 என்ற ரூட்டரின் முகவரியைத் திறந்து (சில ரூட்டர்களுக்கு இது வேறாக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் பார்க்கலாம்) தடத்தை 6 என்று நிலைநிறுத்தியதும் பெயர் உடனே தோன்றியது. 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் அந்த அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை என்பதால், இவற்றில் ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டு ரூட்டர் 6-இல் இருந்தால் நாம் 1-க்கோ 11-க்கோ போய்விடலாம். 4, 8 என்று நடுவில் நுழைந்தால் இரண்டு பேர் பேச்சிலும் குறுக்கிடுவோம்.

பெயர் தெரிந்தும் சேர மறுப்பது இதன் உடன்பிறப்பு. ரூட்டரை மாற்றிய ஒரு வாடிக்கையாளரின் கடையில், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் அவருடைய பழைய மடிக்கணினி சேரவில்லை. புது ரூட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தது. 2018-இல் அறிமுகமான அந்த முறை அதற்கு முந்தைய பல கருவிகளுக்குப் புரியாது. டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றியதும் சேர்ந்துகொண்டது. கடவுச்சொல்லையே மாற்றியிருந்தால், கணினி பழையதை நினைவில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். அப்போது அந்தப் பெயரின் மேல் வலது சொடுக்கில் "ஃபர்கெட்" கொடுத்துப் புதிதாகச் சேர வேண்டும்.

சேர்ந்த பிறகும் இணையம் வராத நிலைக்கு வருகிறேன். "கனெக்டட்" என்பதும் "இணையம் உண்டு" என்பதும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. மடிக்கணினி ரூட்டரோடு கைகுலுக்குவது முதல் படி. ரூட்டர் அதற்கு ஒரு முகவரி கொடுப்பது இரண்டாம் படி. அந்த முகவரியோடு வெளியுலகை அடைவது மூன்றாம் படி. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரி கிடைப்பது நான்காம் படி. கட்டளைத் திரையில் ஆங்கில எழுத்துகளில் "ஐபிகான்ஃபிக்" என்று தட்டினால் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முகவரி சரியாக இருந்தால் "பிங் 8.8.8.8" என்று தட்டிப் பார்ப்பேன். பதில் வந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால், சாலை இருக்கிறது, வழிகாட்டிப் பலகைதான் இல்லை. தளப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் டி.என்.எஸ். சேவையின் முகவரியை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ கையால் கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். முன்னது கூகுளுடையது, பின்னது கிளவுட்ஃபிளேருடையது.

இந்த நான்கு படிகளும் சரியாக இருந்தும் என்னைத் திணறடித்த ஒரு 20-ஆம் தேதியை மறக்க முடியாது. பழைய மடிக்கணினியின் பேட்டரி அப்போதே செத்துப்போயிருந்தது. சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். முதல் நாள் இரவு மின்தடை. காலையில் வைஃபை குறி முழுதாக விரிந்திருந்தது, விண்டோஸும் இணையம் உண்டு என்றே சொன்னது, பிங்குக்குப் பதில் வந்தது. ஆனால் ஜி.எஸ்.டி. தளம் "இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று" என்று சொல்லிக் கதவை அடைத்தது. வங்கித் தளமும் அப்படியே. அரசுத் தளத்தை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று நினைத்து, வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் போய்விட்டனவோ என்று வியர்த்தேன். மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்து, "இதென்ன கண்ணு, வருசம் தப்பாக் காட்டுது?" என்றார். கணினியின் மூலையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1 நின்றுகொண்டிருந்தது.

மடிக்கணினிக்குள் நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. பலவற்றில் அது சி.ஆர். 2032 என்ற வகை. பெரிய பேட்டரியும் சார்ஜரும் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதன் வேலை. அதுவும் வயதாகிச் செத்துவிட்டால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கணினியின் காலம் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னைப் பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்தால், அதன் கண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. விண்டோஸ் ஏன் இணையம் உண்டு என்று சாதித்தது என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். அது மைக்ரோசாஃப்ட்டின் ஒரு முகவரியிலிருந்து ஒரே வரி கொண்ட சிறு கோப்பைக் கேட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வருகிறது. அந்தக் கோப்பு சான்றிதழ் தேவைப்படாத பழைய எச்.டி.டி.பி. முறையில் வருவதால், தேதி தவறு அதைத் தடுப்பதில்லை. தேதியைக் கையால் திருத்திய மறு நிமிடமே தளம் திறந்தது. சிறு பேட்டரியை மாற்ற அடுத்த வாரம் வரை காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கம் மட்டும் அன்றே வந்துவிட்டது. இன்றும் என் சோதனையில் மூன்றாவதாக நிற்பது அதுதான், மாமியாரின் பெயரில்.

டிரைவர் சிக்கல்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் வைஃபை கருவியின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ அங்கே கவனிக்க வேண்டும். விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் கெட்டதென்றால், அந்தக் கருவியின் பண்புகளில் "ரோல் பேக் டிரைவர்" என்ற பொத்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவரும். இணையமே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று பலர் கேட்பார்கள். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், வைஃபை கருவியே இல்லாத கணினியும் கைப்பேசியின் இணையத்தை எடுத்துக்கொள்ளும். தாக்கல் நாளில் இந்தக் கம்பி என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

இதில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அணைப்பதைப் பற்றித்தான். "அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள்; நானும் அணைத்துப் போட்டிருக்கிறேன், பயன் இல்லாமல். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுவதுமாக அணைவதில்லை. இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் அதே நிலையை எடுத்து விரிக்கிறது. வைஃபை டிரைவர் இரவு குழம்பிய நிலையில் இருந்தால் காலையிலும் அதே குழப்பத்தோடு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அல்லது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்க வேண்டும். விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் தொல்லை: விண்டோஸ் அரைத் தூக்கத்தில் பிடித்து வைத்த வைஃபை கருவியை லினக்ஸ் சில சமயம் எழுப்ப முடியாமல் தவிக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். கணினி திறக்கச் சில நொடிகள் கூடுதலாகின்றன, போகட்டும். தூங்கி எழுந்த கணினியில் வைஃபை அடிக்கடி விட்டுப்போகிறது என்றால், கருவியின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கு நேரே உள்ள டிக் குறியை எடுத்துவிட வேண்டும்.

எந்த மென்பொருளாலும் தீராத ஒன்றை என் தங்கையின் மடிக்கணினியில் கண்டேன். ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் இணையம் பறக்கும். அடுத்த அறைக்குப் போனால் குறி ஒரு கோடாகச் சுருங்கிவிடும். அவள் ரூட்டரைக் குறை சொன்னாள், பிறகு இணைப்பு கொடுத்தவரை. அவளுடைய கைப்பேசியோ மாடியில்கூட நன்றாகவே வேலை செய்தது. கட்டளைத் திரையில் "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால், சிக்னல் எத்தனை விழுக்காடு என்று எண்ணாகவே தெரியும். ரூட்டருக்கு ஓரடியில் வைத்தபோதும் அது பாதியைத் தாண்டவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "திரையோட கீல் ஒடஞ்சுதுல்ல, அதைச் சரி பண்ணிட்டு வந்ததுல இருந்துதாங்க்கா" என்றாள்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள், வழக்கமாக ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கி, அடிப்பகுதியில் உள்ள வைஃபை அட்டையின்மேல் சட்டைப் பொத்தான் போல அழுத்திப் பொருத்தப்படும். கீலை மாற்றும்போது அவற்றைக் கழற்றியாக வேண்டும். மறுபடி பொருத்த மறந்தாலும், அட்டையின் உள்ளேயே கசியும் சிறிதளவு அலையைக் கொண்டு கணினி பக்கத்தில் இருக்கும் ரூட்டரோடு எப்படியோ பேசிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் குறை பழுது பார்த்த மேசையில் வெளிப்படுவதில்லை. திறந்து பார்த்தபோது இரண்டு கம்பிகளும் அட்டைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தன. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, விரல் நுனியால் நேராக வைத்து மெல்ல அழுத்தினேன். சிறு "கிளிக்" சத்தத்தோடு உட்கார்ந்தன. இந்தப் பொத்தான்கள் சில பத்துமுறை கழற்றி மாட்டுவதற்கு மேல் தாங்காதவை. சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். கண்ணும் கையும் ஒத்துழைக்காதவர்கள் கடையிலேயே செய்துகொள்வது நல்லது. ஆனால் கடையிலிருந்து வாங்கும்போது, இனி நானாக இருந்தால், அங்கேயே பத்தடி தள்ளி நின்று சிக்னல் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.

கணினி, ரூட்டர் இரண்டுமே நல்ல நிலையில் இருந்து நடுவில் உள்ள வீடு கெடுப்பதும் உண்டு. நம் வீடுகளில் ரூட்டருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தொலைக்காட்சியின் பின்புறம் அல்லது இரும்பு பீரோவின் தலைமேல். இரும்பைத் தாண்டி அலை போகாது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும், பெரிய கண்ணாடியும், மீன் தொட்டியும் அதை வெகுவாகக் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, அண்டை வீட்டுக் கூச்சல் குறைவானது, ஆனால் சுவரைக் கண்டால் 2.4-ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவர் 5-ஐத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டு சுவர் தாண்டி இருப்பவருக்கு 2.4 நிதானமாக உதவும். மலிவான பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது என்பதால், அந்தப் பெயர் பட்டியலில் வரவில்லை என்று பதற வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் முன்னறையில் இணையம் திக்கும். அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. அடுப்பை நிறுத்தச் சொல்ல முடியாது. ரூட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் ஆளுயரத்தில் மாட்டிவிட்டோம்.

விண்டோஸ் 10-லும் 11-லும் உள்ள நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானைப் பலர் முதலிலேயே அழுத்தச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சேமித்து வைத்த எல்லா வைஃபை பெயர்களையும் கடவுச்சொற்களையும் அழித்துவிடும், வி.பி.என். (இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு) போன்றவற்றையும் மறுபடி அமைக்க வேண்டி வரும். வாடிக்கையாளர் கடைகளுக்குப் போய் வேலை செய்யும் என் போன்றவர்களுக்கு, ஒவ்வொருவரிடமும் மீண்டும் கடவுச்சொல் கேட்டு நிற்பது சங்கடம். தேதி, விசை, கைப்பேசிச் சோதனை, ரீஸ்டார்ட், டிரைவர் எல்லாம் பார்த்து, ஒன்றும் பலிக்காத பிறகு அழுத்த வேண்டிய பொத்தான் அது. அதுவும் பலிக்காவிட்டால் சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி.யில் செருகும் வைஃபை துண்டு ஒன்று கிடைக்கிறது. உள்ளே இருக்கும் அட்டை உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதையும் அது சொல்லிவிடும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்ட பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்து மீட்டர் லேன் கம்பி ஒன்று வாங்கினேன். மற்ற நாள்களில் அது பரணில் சுருண்டு கிடக்கும். 19-ஆம் தேதி இரவு அதை இறக்கி, நடுக்கூடத்து ரூட்டரிலிருந்து முன்னறை மேசை வரை இழுத்து, மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகிவிடுவேன். 20-ஆம் தேதி முழுவதும் மாமியார் காப்பித் தம்ளரோடு அந்தக் கம்பியைத் தாண்டித் தாண்டித்தான் வருவார்.